வடித்த நீரும் வடிக்காத செய்தியும்

(பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

நம் இல்லங்களுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. நீரை வெள்ளைத் துணியில் வடித்த பின்னரே குடத்தில் நிரப்புவது அவற்றுள் ஒன்று. கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்வது மற்றொன்று. அடுப்பு மூட்டுமுன் விறகைத் தட்டிப் பார்ப்பதும், காய்கறியை அரியுமுன் புழு பூச்சி உண்டா என்று நோக்குவதும், நடக்கும்போது நிலத்தைப் பார்த்து அடிவைப்பதும் நம் பாட்டியர் நமக்குப் பழக்கிய ஒழுக்கங்கள். கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிரும் நம்மால் துன்புறலாகாது என்பது அவற்றின் முதல் நோக்கம். உள்ளே செல்வது எதுவாயினும் ஆராய்ந்தே செல்லவேண்டும் என்னும் விழிப்புணர்வும் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது.

அதே இல்லத்தில் இன்று நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நீரை வடித்துக் குடிக்கிறோம். செய்தியை வடிக்காமல் குடிக்கிறோம். ஆறு மணிக்கு உணவை முடிக்கிறோம். ஒன்பது மணி விவாதத்தையும், பத்து மணிக் குற்றச் செய்தியையும், படுக்கையில் கைபேசி காட்டும் காணொளிகளையும் நள்ளிரவு வரை உட்கொள்கிறோம். வாய்க்கு இரவு உண்ணாமை உண்டு. கண்ணுக்கும் செவிக்கும் அந்த நோன்பு இல்லை. காலையில் கண் விழித்ததும் பஞ்ச நமஸ்காரம் சொல்ல வேண்டிய நா அடங்கிக் கிடக்க, கை முதலில் கைபேசியைத் தேடுகிறது. இந்த முரண்பாட்டைத்தான் இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டேன்.

செவிக்கும் கண்ணுக்கும் உணவு

செய்தி கேட்பது புதிய பழக்கம் அன்று. ஆகாசவாணியின் காலைச் செய்திக்காக வானொலியைச் சுற்றி வீடே அமர்ந்திருந்த காலம் இங்குள்ள மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். சரோஜ் நாராயணசாமி அவர்களின் குரல் ஒலித்தால் தெருவே செவி சாய்த்தது. ஆயினும் அச்செய்திக்கு ஒரு தொடக்கம் இருந்தது; ஒரு முடிவும் இருந்தது. சில நிமிடங்களில் அறிக்கை முடிந்துவிடும். வயலுக்கும் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் அவரவர் புறப்படுவர். நாளிதழுக்கும் கடைசிப் பக்கம் என ஒன்று இருந்தது. முடிவு இருந்தமையால் அளவு தானாகவே அமைந்தது.

இன்றைய ஊடகத்திற்குக் கடைசிப் பக்கம் இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. காரணம் வெளிப்படையானது. நாம் பணம் கொடாமல் பெறும் செய்திக்கு விளம்பரதாரர் பணம் கொடுக்கிறார். அவர் விலைக்கு வாங்குவது நம் கவனத்தை. நாம் எவ்வளவு நேரம் திரையில் தங்குகிறோமோ அவ்வளவு அவர்களுக்கு வருவாய். ஆகவே நம்மைத் தங்கவைப்பது எதுவோ அதுவே முன்னால் நிறுத்தப்படுகிறது.

நம்மைத் தங்கவைப்பது எது? 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, ஓர் அமெரிக்கச் செய்தித்தளத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்களை எடுத்து ஆராய்ந்தது. சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால், அதைத் திறந்து படிப்பவர் விகிதம் ஏறத்தாழ 2.3 விழுக்காடு உயர்ந்ததாக அது கண்டது. அச்சமும் சினமும் விற்பனையாகும் என்பதை வணிகர் அறிவர். மனித மனத்தின் இந்தச் சாய்வை நம் ஆசாரியர்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். அவர்கள் அதைக் கொண்டு பொருள் ஈட்டாமல், அதற்கு மருந்து வகுத்தனர்.

துச்சுருதி என்னும் குற்றம்

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களில் ஐந்து அணுவிரதங்கள், மூன்று குணவிரதங்கள், நான்கு சிட்சாவிரதங்கள் என்பது இங்குள்ள சிறுவர்க்கும் தெரியும். குணவிரதங்களுள் ஒன்று அநர்த்ததண்ட விரதம். ‘அநர்த்தம்’ என்றால் பயனின்மை. வாழ்க்கைக்குத் தேவையான ஆரம்பங்களால் வரும் வினை ஒருபுறம் இருக்க, எந்தப் பயனும் இன்றி வீணே தேடிக்கொள்ளும் வினையினின்று நீங்குதலே இவ்விரதம்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் இந்த வீண்குற்றத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். தீவினைக்கு வழிகாட்டும் பாவோபதேசம். கொலைக் கருவிகளைப் பிறர்க்கு அளிக்கும் இம்சாதானம். பிறர்க்குக் கேடு நினைக்கும் அபத்தியானம். தீயவற்றைக் கேட்கும் துச்சுருதி. காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல், தழைகளைக் கிள்ளுதல் போன்ற பிரமாதசரியை. தமிழில் இல்லறத்தார் ஒழுக்கம் கூறும் அருங்கலச்செப்பும் அந்நூலின் வழி நின்றதே.

இவற்றுள் துச்சுருதியைக் கவனியுங்கள். பகை, பற்று, செருக்கு, காமம், பொய்க்காட்சி ஆகியவற்றைக் கிளறி உள்ளத்தைக் கலக்குபவற்றைக் கேட்பதே துச்சுருதி. கேட்பவன் எதையும் செய்யவில்லை, யாரையும் அடிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆயினும் அது குற்றம் என்று ஆசாரியர் வகுத்தார். அச்சு இயந்திரமும் வானொலியும் இல்லாத காலத்தில், ‘எதைக் கேட்கிறோம்’ என்பதை விரதத்தின் எல்லைக்குள் கொண்டுவந்த அந்த நுண்மையை எண்ணி வியக்கிறேன்.

காரணம், ஊற்று, செறிப்பு என்னும் நம் தத்துவத்திலேயே உள்ளது. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் அசைவால் வினை உயிரிடம் வந்து சேர்கிறது, அதுவே ஊற்று. கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களும் அதை உயிரோடு பிணிக்கின்றன. ஓட்டையுள்ள தோணியில் நீர் புகுவதுபோல வினை புகுகிறது என்று உவமை கூறுவர். முதலில் ஓட்டையை அடைக்கவேண்டும். அதன் பின்னரே உள்ளிருக்கும் நீரை இறைக்கலாம். திரையின் முன் அமர்ந்து ஒரு மணி நேரம் சினமும் ஏளனமும் அச்சமும் மாறிமாறிக் கொள்பவன், தன் தோணியில் தானே துளையிடுகிறான்.

உள்ளே நிகழ்வது என்ன?

தியானம் நான்கு வகை: ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம். முதல் இரண்டும் விலக்கற்பாலன. ரௌத்திர தியானத்தின் முதல் வகை இம்சானந்தம். கொலையிலும் கொடுமையிலும் மனம் மகிழ்தல். அடுத்தது மிருஷானந்தம், பொய்யில் மகிழ்தல். ‘நாம் கொலைச் செய்தியைக் கண்டு மகிழ்கிறோமா? வருந்தத்தானே செய்கிறோம்’ என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். எனினும் ஒரே கொலையின் கண்காணிப்புக் கேமராக் காட்சியை நான்கு அலைவரிசைகளில் நாலு முறை தேடிப் பார்ப்பவரின் உள்ளத்தில் வருத்தம் மட்டுமா இருக்கிறது? நாம் விரும்பாத கட்சியினரைப் பற்றிய இழிசெய்தி பொய்யோ என்று ஐயம் எழுந்தபோதும், ‘இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது’ என்று ரசிப்பது மிருஷானந்தம் அன்றி வேறென்ன?

மற்றொரு பக்கம் ஆர்த்த தியானம். விரும்பாதது வந்து சேருமோ, விரும்பியது விட்டு நீங்குமோ என்ற ஓயாத ஏக்கம். செய்தியை மிகுதியாக நுகர்வோர்க்கு நேர்வது பெரும்பாலும் இதுவே. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்தன. அதன்பின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் மனநிலை பற்றிக் கேட்டறிந்தனர். நிகழ்ச்சியை அடுத்த வாரத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அதைப் பற்றிய செய்தியில் மூழ்கியிருந்தோர், வெடித்த இடத்திலேயே இருந்தோரைவிடவும் மிகுந்த மன அழுத்த அறிகுறிகளைத் தெரிவித்தனர். குண்டு ஒருமுறைதான் வெடித்தது. திரையில் அது நூறுமுறை வெடித்தது. பார்த்தவர் மனத்திலும் அவ்வாறே.

கருணை நம் சமயத்தின் உயிர்நாடி. பிறர் துன்பம் கண்டு உருகவேண்டும், ஐயமில்லை. ஆனால் உருகிய மனம் கையை நீட்டினால்தான் அது கருணை. கையால் எட்ட முடியாத ஆயிரம் துன்பங்களை ஒரே மாலையில் பார்க்கும் மனம், முதலில் துடிக்கிறது, பிறகு களைக்கிறது, இறுதியில் மரத்துப்போகிறது. அண்டை வீட்டு முதியவர் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்பது நம் கண்ணில் படுவதில்லை. தொலைவில் நடந்ததற்குக் கண்ணீர்ச் சின்னம் அனுப்பிவிட்டு உறங்கிவிடுகிறோம்.

வாய்மையும் பகிர்தலும்

இனி, கேட்பதிலிருந்து சொல்வதற்கு வருவோம். வாய்மை என்னும் அணுவிரதத்தைக் காப்பதில் நேரும் வழுக்கள் ஐந்து என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகிறார். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். தவறான உபதேசம் செய்தல் ஒன்று. தனிமையில் நடந்ததை ஊரறியச் செய்தல் ஒன்று. பொய்யாவணம் எழுதுதல் ஒன்று.

இம்மூன்றையும் இன்றைய வாட்ஸ்அப் குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவர் சொல்லாததை மருத்துவர் பெயரில் பரப்பி, மாத்திரையை நிறுத்தச் சொல்வது தவறான உபதேசம். ஒரு குடும்பத்தின் பூசலை, ஒரு பெண்ணின் புகைப்படத்தை, இருவர் பேசிய தொலைபேசிப் பதிவை ஊருக்குக் காட்டுவது மறைவெளிப்பாடு. ஒருவர் சொல்லாத சொல்லை அவர் படத்தின் கீழ் அச்சிடுவது பொய்யாவணம். கருவி புதிது, குற்றம் பழையது.

‘நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன்’ என்று நாம் சொல்லித் தப்ப இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வரும் என்பது நம் சமயம் அடிப்படையாகக் கொண்ட கொள்கை. பொய்யை எழுதுவது செய்தல். அதை அடுத்தவர்க்கு அனுப்பி அவரையும் அனுப்பத் தூண்டுவது செய்வித்தல். கட்டைவிரல் உயர்த்திய சின்னத்தை அதன்மீது வைப்பது உடன்படுதல். ஒரு விரலசைவில் மூன்றும் நிறைவேறிவிடுகின்றன.

ஆராயாத சொல்லின் விளைவை நம் சிலப்பதிகாரத்தைப்போல் உணர்த்தும் நூல் வேறில்லை. கவுந்தியடிகள் வழித்துணையாக வர மதுரைக்குச் சென்ற கோவலன் எவ்வாறு இறந்தான்? அரசியின் சிலம்பைத் தானே திருடிய பொற்கொல்லன், பழியைக் கோவலன்மேல் சுமத்தினான். பாண்டியன் அப்போது அரசியின் ஊடல் தீர்க்க விரைந்துகொண்டிருந்தான். நின்று விசாரிக்கவில்லை. ஏவலரை அனுப்பினான். அவர்களுள் ஒருவன், இவன் கள்வன் போல் தோன்றவில்லையே என்று தயங்கினான். பொற்கொல்லனோ கள்வர்தம் தந்திரங்களை விரித்துரைத்து அவர்களை மயக்கினான். அவ்வளவில் அறிவற்ற ஒருவன் வாளை வீசிவிட்டான். பொய் சொன்னவன் ஒருவன், விசாரியாமல் ஆணையிட்டவன் ஒருவன், ஐயம் எழுந்தும் தடுக்காது நின்றவன் ஒருவன், வீசியவன் ஒருவன். வதந்தி ஓர் உயிரைக் கொல்லும் முறை அன்றும் இன்றும் ஒன்றே.

இன்று எவ்வாறு என்பதற்கு நாம் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் நுழைந்துவிட்டனர் என்னும் பொய்ச்செய்தி வட மாவட்டங்களில் கைபேசி வழியே பரவியது. சென்னையிலிருந்து குலதெய்வ வழிபாட்டுக்காகக் காரில் வந்த ஒரு குடும்பத்தார், போளூரை அடுத்த அத்திமூர் அருகே வண்டியை நிறுத்தினர். அவர்களுள் அறுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வன்பே அவருக்கு எமனாயிற்று. திரண்ட கூட்டம் அவரை அடித்தே கொன்றது; உடன் வந்தோர் கடுங்காயம் அடைந்தனர்.

போளூர் என்பது திருமலைக்கு யாத்திரை செல்லும் நம்மில் பலர் கடந்து செல்லும் ஊர். நேமிநாதப் பெருமான் பேருருவில் நின்றருளும் மலைக்கு அண்மையில், குந்தவைப் பிராட்டியார் பெயரால் ஜினாலயம் விளங்கும் பகுதியில், இது நிகழ்ந்தது. அந்தக் கூட்டத்தில் அடித்தவர் சிலர். ஆனால் அச்செய்தியை அக்கூட்டத்தின் கைகளுக்குக் கொண்டு சேர்த்த விரல்கள் எத்தனை ஆயிரம்! அவர்களுள் பெரும்பாலோர் நல்லெண்ணத்தால், ‘குழந்தைகளைக் காப்போம்’ என்ற கவலையால் அனுப்பியவர்கள். நல்லெண்ணம் இருந்தது, ஆராய்ச்சி இல்லை. இம்சை நிகழ்வதற்குப் பகையே வேண்டியதில்லை, கவனமின்மையாகிய பிரமாதமே போதும் என்று நம் நூல்கள் ஏன் இத்துணை வற்புறுத்தின என்பது இங்கே விளங்கும்.

இத்தகைய கொலைகள் நாடெங்கும் நிகழ்ந்த பின்னர், அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பிட்டது. பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்பலாம் என்னும் வரம்பு 2020 ஏப்ரலில் வந்தது. இரட்டை அம்புக்குறி அத்தகைய செய்தியின் அடையாளம். ஒரு நிறுவனம் நம் விரலுக்கு விரதம் வகுக்கும் நிலை வந்துவிட்டது. நாமே வகுத்துக்கொண்டால் நமக்கு அது தவம்.

பொய்யைப் பரப்புவது எந்திரம் என்று நினைத்து ஆறுதல் அடையவும் வழியில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் முப்பது லட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி. ஆயிரத்து ஐந்நூறு பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் தேவைப்பட்டது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்பதும் அவர்தம் முடிவு. பொய் புதுமையாக இருக்கிறது. புதுமை நம்மை மயக்குகிறது.

கண்ணை மூடிக்கொள்வதா?

அப்படியானால் செய்தியே வேண்டாமா என்று சிலர் கேட்பர். துறவியர்க்கு அது தகும். இல்லறத்தார்க்குத் தகாது. மழை எப்போது, நெல் என்ன விலை, பிள்ளையின் தேர்வு எந்நாள், ஆட்சியாளர் எச்சட்டம் இயற்றுகின்றனர், நம் வாக்கை யாருக்கு அளிப்பது என்பனவெல்லாம் அறியவேண்டியவையே. நம் மலைக்குகைகளும் கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் கல்லுடைப்பாலும் கிறுக்கல்களாலும் சிதைவதை நமக்கு அறிவிப்பதும் செய்தியே.

இங்கும் ஒரு விழிப்பு வேண்டும். சிதைந்த சிற்பத்தின் படம் ஒன்று நம் குழுவில் வருகிறது. உடனே உள்ளம் கொதிக்கிறது. ஐம்பது பேருக்கு அனுப்புகிறோம். அது எந்த ஊர், எந்த ஆண்டு எடுத்த படம், யார் எடுத்தது என்று கேட்டோமா? பழைய படமாயின் வீண் பகை வளர்த்தோம். இன்றைய படமேயாயினும் ஐம்பது பேர் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் கல் காக்கப்படாது. தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் இடம், நாள், படம் ஆகியவற்றுடன் எழுதும் ஒரே ஒரு விண்ணப்பம், ஆயிரம் பகிர்வுகளினும் பயனுடையது. அர்த்தம் உள்ளதற்கும் அநர்த்தத்திற்கும் இதுவே வேறுபாடு.

நம் சமயம் உலகுக்கு அளித்த பெருங்கொடை அநேகாந்தம். ஒரு பொருளைப் பல நோக்கில் கண்டாலன்றி அதன் முழுமை புலப்படாது. யானை கண்ட குருடர் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் ஒரே அலைவரிசையை, ஒரே கட்சிசார் இதழை மட்டும் ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு, வாலைத் தடவி யானையைத் தீர்மானிக்கிறோம். நாம் எதைப் பார்த்து நின்றோமோ அதையே மேலும் மேலும் கொண்டுவந்து தரும்படி கைபேசி பழக்கப்பட்டுள்ளது. அது நமக்கு ஏகாந்தத்தையே ஊட்டுகிறது. மாற்றுக் கருத்துடையவர் எழுதியதை வாரம் ஒருமுறையேனும் பொறுமையாகப் படித்து, ‘ஒரு வகையில் இதுவும் உண்மையாகலாம்’ என்று எண்ணிப் பார்ப்பது சியாத்வாதத்தை வாழ்க்கையில் பயில்வதாகும்.

எல்லை வகுக்கும் விரதம்

மருந்தென்ன என்று கேட்டால், அதுவும் நம் வீட்டிலேயே இருக்கிறது. தேசாவகாசிகம் என்னும் விரதம், ‘இன்று இந்த இல்லத்தைத் தாண்டேன், இந்தத் தெருவைத் தாண்டேன்’ என்று இடத்துக்கும் காலத்துக்கும் எல்லை வகுப்பது. இதன் வழுக்களாக ஆசாரியர் கூறும் ஐந்தையும் கேளுங்கள். எல்லைக்குள் அமர்ந்தபடியே வெளியிலிருந்து பொருளை வருவித்தல்; வெளியே ஆளை ஏவுதல்; வெளியிலிருப்போர்க்குக் குரல் கொடுத்தல்; உருவத்தைக் காட்டுதல்; எதையேனும் எறிந்து குறிப்புணர்த்தல்.

உடல் அறைக்குள்ளே இருக்க, வருவிப்பதும் ஏவுவதும் குரல் கொடுப்பதும் உருவம் காட்டுவதும் செய்தி எறிவதுமாகிய இந்த ஐந்தும் ஒரே கருவியில் அடங்கிக் கையில் இருக்கும் காலம் இது! கால் எல்லைக்குள் நின்றால் போதாது, மனமும் நிற்கவேண்டும் என்பதே ஆசாரியர் கருத்து. கைபேசி கையில் இருக்கும்வரை தேசாவகாசிகம் இல்லை.

ஆகவே இந்நன்னாளில், எளிய ஐந்து நியமங்களை உங்கள் முன் வைக்கிறேன். முழுவதும் இயலாதோர் ஒன்றையேனும் ஏற்கலாம்.

முதலாவது, இரவு உண்ணாமை. உணவை முடித்த பின் செய்தியையும் முடித்துக்கொள்வது. அவசர அழைப்பு வரலாம். விவாதமும் காணொளியும் வேண்டாம். கைபேசி படுக்கையறைக்கு வெளியே உறங்கட்டும்.

இரண்டாவது, அளவு. போக உபபோகங்களுக்கு அளவு வகுப்பதுபோலச் செய்திக்கும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எனக் காலம் வகுப்பது. முடிவுள்ள நாளிதழும் முடிவுள்ள செய்தியறிக்கையும், முடிவற்ற திரையைவிட மேல்.

மூன்றாவது, வடிகட்டல். எதையும் அனுப்புமுன் மூன்று கேள்விகள். இதை முதலில் சொன்னவர் யார்? எந்நாளில், எவ்விடத்தில் நடந்தது? இதை அனுப்புவதால் யாருக்கு என்ன நன்மை? மூன்றுக்கும் விடை கிடையாதாயின் அது நம்மோடு நிற்கட்டும். வடிதுணியில் தங்கியதை மீண்டும் நீரில் விடுவதில் நமக்குக் கவனம் உண்டு; ஆனால் பொய்யை மீண்டும் உலகில் விடலாகாது.

நான்காவது, சாமாயிகம். செய்தியைத் திறக்குமுன் காலையில் சாமாயிகம் முடிந்திருக்கவேண்டும். நாற்பத்தெட்டு நிமிடம் அமர இயலாதோர் பத்து நிமிடமேனும் அமரலாம். நாளின் முதற்கவளம் சமநிலையாக இருந்தால், பின்வரும் எதுவும் மனத்தை எளிதில் கவிழ்க்காது.

ஐந்தாவது, பர்வ நோன்பு. அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் உணவில் நோன்பிருக்கும் குடும்பங்கள் அந்நாளில் திரைக்கும் நோன்பு விடுக்கலாம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கல்வெட்டு இன்றும் அறிவிக்கிறது. அந்த மரபில் வந்த நமக்கு, மாதத்தில் சில நாள் கைபேசியின்றி இருப்பது அரிதாகுமா?

பிள்ளைகளும் முதியோரும்

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதினும் நாம் செய்வதையே பார்க்கின்றனர். உணவு வேளையில் தந்தை கைபேசியை எடுத்தால், மகளிடம் அதை வைக்கச் சொல்லும் தகுதியை இழக்கிறார். விரதத்தைக் குடும்பமாக ஏற்றால்தான் அது நிலைக்கும். அணைத்த திரையின் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். சீவகன் கதையோ நீலகேசியின் வாதங்களோ அங்கே ஒலிக்கட்டும். துச்சுருதி நீங்கிய இடத்தில் நற்சுருதி அமரவேண்டும்.

இளைஞர்க்கும் ஒரு சொல். தனித்திருக்கும் தாத்தா பாட்டியர்க்குக் கைபேசியே பேச்சுத்துணை. அவர்கள் தவறான செய்தியை அனுப்பினால் குழுவில் எல்லார் முன்னும் ஏளனம் செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து, ‘தாத்தா, இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆயிற்று, பாருங்கள்’ என்று மென்மையாகக் காட்டுங்கள். அவர்களுக்கு வேண்டியது செய்தி அன்று, நீங்கள். வாரம் ஒருமுறை நீங்கள் நேரில் சென்று பேசினால், அனுப்பப்படும் செய்திகள் தாமே குறையும்.

பெரியோர்களே! பகவான் மகாவீரர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மோனத் தவம் புரிந்த பின்னரே கேவலஞானம் எய்தி உலகுக்கு அறம் உரைத்தார். முதலில் அடக்கம், பிறகு அறிவு, அதன்பின் சொல். நாமோ சொல்லில் தொடங்குகிறோம். அறிவு பின்னால் வரட்டும் என்கிறோம். அடக்கத்திற்கு இடமே விடுவதில்லை. இன்று மாலை பிரதிக்கிரமணம் செய்யும்போது, அறிந்தும் அறியாமலும் காலால் மிதித்த உயிர்களுக்காக மன்னிப்புக் கேட்கும் நாம், விரலால் மிதித்த உயிர்களையும் ஒரு கணம் நினைப்போம். நீரை வடிக்கும் கைகளே செய்தியையும் வடிக்கட்டும்.

எல்லா உயிர்களும் இன்புறுக. அறம் ஓங்குக. ஜெய் ஜினேந்திரா!